வரம்பில்லாத சந்தை எதைக் குறைக்கும்?

கார்பன் சந்தை வந்துவிட்டது, இனி அது பார்த்துக்கொள்ளும் என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. வணிகப் பக்கங்களில் எழுதுகிறவர்கள், தொழில் கூட்டமைப்புகளின் மேடைகளில் பேசுகிறவர்கள், தொலைக்காட்சியில் பட்ஜெட்டை அலசுகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே குரலில் இதைச் சொல்கிறார்கள். 2022இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டது. 2023 ஜூனில் கார்பன் கிரெடிட் வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2025 அக்டோபரில் சிமெண்ட், அலுமினியம், குளோர்-ஆல்கலி, காகிதம் ஆகிய நான்கு துறைகளைச் சேர்ந்த 282 ஆலைகளுக்கு இலக்குகள் எழுதிக் கொடுக்கப்பட்டன. சட்டம் இருக்கிறது, இலக்கு இருக்கிறது, மின்சந்தைகளில் விற்பனைக்கு இடமும் இருக்கிறது. வேறென்ன வேண்டும் என்கிறார்கள்.

அவர்கள் வாதத்தை முழு பலத்தோடு வைத்துவிடுவோம். நோஞ்சானாக்கி அடிப்பதில் பயனில்லை. இந்தியர் ஒருவர் கணக்கில் ஆண்டுக்கு வரும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 2 டன். உலகச் சராசரியில் பாதிகூட இல்லை. இன்னும் வீடும் பாலமும் ரயில் பாதையும் கட்ட வேண்டிய நாட்டில் மொத்த உமிழ்வுக்கு உச்சவரம்பு போட்டால் அது வளர்ச்சிக்கே போட்ட உச்சவரம்பாகும். ஆகவே ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு உமிழ்வு என்ற செறிவை மட்டும் குறைக்கச் சொல்வோம். இலக்கைத் தாண்டிக் குறைத்த ஆலைக்குச் சான்றிதழ் கிடைக்கும். இலக்கை எட்டாத ஆலை அதை விலைக்கு வாங்கும். எங்கே குறைப்பது மலிவோ அங்கே குறையும். அரசு வரி போட வேண்டாம், ஏலம் விட வேண்டாம், விலை சொல்லவும் வேண்டாம். ஐரோப்பா எல்லையில் வசூலிக்கும் கார்பன் கட்டணத்துக்கும் இதுவே பதில்: அங்கே கட்டும் பணத்தை இங்கேயே கட்டிவிடலாம். முதல் சில ஆண்டுகள் தளர்வாக இருந்தால் குடிமுழுகிப் போகாது. ஐரோப்பாவும் தடுமாறித்தான் கற்றது. பிறகு இறுக்கிக்கொள்ளலாம்.

கார்பன் வணிகம் என்றாலே பித்தலாட்டம் என்று கைகழுவுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சரியாகக் கட்டினால் அது வேலை செய்யும். செய்ததற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. என் மறுப்பு மேலே சொன்ன வாதத்தின் ஒவ்வொரு கண்ணியோடும்தான்.

1. உலகில் எந்தச் சந்தையாவது தானாக உமிழ்வைக் குறைத்திருக்கிறதா? இந்த வணிகத்துக்கு முன்னோடி என்று எல்லோரும் காட்டும் அமெரிக்கக் கந்தக டை ஆக்சைடு திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1990இல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது அமெரிக்க நாடாளுமன்றம் முதலில் முடிவு செய்தது மொத்த அளவை: மின்நிலையங்கள் அனைத்தும் சேர்ந்து ஆண்டுக்குச் சுமார் 90 லட்சம் டன்னுக்கு மேல் விடக்கூடாது என்பது கடைசி வரம்பு. ஒவ்வொரு புகைபோக்கியிலும் தொடர்ந்து அளக்கும் கருவி கட்டாயமாக்கப்பட்டது. அனுமதி இல்லாமல் விட்ட ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 டாலர் அபராதம். இதெல்லாம் முடிந்த பிறகுதான், 1995இல், வணிகம் தொடங்கியது. குறைத்தது அந்த வரம்பு. யார் குறைப்பது, எங்கே குறைப்பது என்பதைத்தான் சந்தை பங்கிட்டுக் கொடுத்தது.

ஐரோப்பாவின் கதை இன்னும் தெளிவு. 2005இல் அங்கே உமிழ்வு வணிகம் தொடங்கியபோது ஆலைகளுக்குத் தேவைக்கு மேல் அனுமதிகளை அள்ளிக் கொடுத்தார்கள். 2007இல் விலை ஏறத்தாழப் பூஜ்யமாயிற்று. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பின் மறுபடியும் அனுமதிகள் மலைபோல் குவிந்தன. 2013 ஏப்ரலில் விலை 3 யூரோவுக்கும் கீழே போனது. 2019இல் உபரியை உறிஞ்சும் இருப்பு ஒன்றை நடைமுறைக்குக் கொண்டுவந்து, ஆண்டுதோறும் வரம்பு சுருங்கும் வேகத்தையும் கூட்டினார்கள். 2023 பிப்ரவரியில் அதே சந்தையில் விலை 100 யூரோவைத் தாண்டியது. தரகர்கள் அதே தரகர்கள், கணினி அதே கணினி. மாறியது அனுமதிகளின் எண்ணிக்கை ஒன்றுதான். வணிகத்துக்கு உட்பட்ட துறைகளின் உமிழ்வு இன்று 2005இல் இருந்ததில் ஏறக்குறைய பாதி. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்குக் கொடுத்த மானியங்களுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐரோப்பாவும் தடுமாறியது என்று உதாரணம் காட்டுகிறவர்கள், அது எப்படி எழுந்தது என்பதை மட்டும் சொல்வதில்லை. அது எழுந்தது எண்ணிக்கையைச் சுருக்கி. நம் திட்டத்தில் சுருக்குவதற்கு எண்ணிக்கையே இல்லை.

2. செறிவு குறைந்தால் உமிழ்வு குறையும் என்று யார் சொன்னது? அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையைக் கற்பனை செய்துகொள்வோம். அந்த மண் ஒரு காலத்தில் கடல்; கடல் உயிர்களின் ஓட்டில் அடைபட்ட கார்பன்தான் அங்கே சுண்ணாம்புக்கல்லாக வெட்டப்படுகிறது. கல்லைச் சுமார் 900 பாகைக்குச் சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போய்விடும். நிலக்கரிக்குப் பதிலாக எதை எரித்தாலும் இந்தப் பகுதி போகாது. ஒரு சிமெண்ட் ஆலையின் உமிழ்வில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்தே வருகிறது. கணக்குக்காக, நம் ஆலை ஒரு டன் சிமெண்டுக்கு 600 கிலோ உமிழ்கிறது என்று வைப்போம். ஆண்டுக்கு 10 லட்சம் டன் உற்பத்தி. ஆக 6 லட்சம் டன் உமிழ்வு. இலக்கு 590 கிலோ. ஆலை கொஞ்சம் முயன்று 580க்குக் கொண்டுவருகிறது. இடையில் நெடுஞ்சாலைப் பணிகள் பெருகி, உற்பத்தி 12 லட்சம் டன்னாகிவிட்டது. இப்போது மொத்த உமிழ்வு 6,96,000 டன். வானத்துக்குப் போனது 96,000 டன் கூடுதல். ஆலையின் கைக்கு வந்தது 12,000 சான்றிதழ்.

கதை அதோடு முடியவில்லை. அந்த 12,000 சான்றிதழை இலக்கை எட்டாத இன்னொரு ஆலை வாங்கி, தன் கூடுதல் உமிழ்வுக்கு நேர் செய்துகொள்ளும். இரண்டு ஆலைகளும் சட்டப்படி குற்றமற்றவை. இரண்டின் மொத்த உமிழ்வும் ஏறியிருக்கிறது.

அந்த 20 கிலோவை ஆலை எப்படிக் குறைத்திருக்கும்? மலிவான வழி, கல்லைச் சுட்டுக் கிடைக்கும் கிளிங்கரின் அளவைக் குறைத்து அனல்மின் நிலையச் சாம்பலைக் கூடக் கலப்பது. தரநிர்ணய விதி 35 சதவீதம் வரை அனுமதிக்கிறது. நல்ல காரியம்தான், சிமெண்டுக்கும் கேடில்லை. ஆனால் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் நிலக்கரி எரிந்துகொண்டே இருந்தால்தான் அந்தச் சாம்பல் கிடைக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பது விளங்கும்.

இப்போது கற்பனையை விட்டு நடப்புக்கு வருவோம். 2023-24ஐ அடிப்படையாக வைத்து 2026-27க்குள் சிமெண்ட் துறை குறைக்க வேண்டிய செறிவு சராசரியாகச் சுமார் மூன்றரை சதவீதம். துறையின் உற்பத்தியோ அதைவிட வேகமாக ஓராண்டிலேயே வளரக்கூடியது. இலக்கு முழுதும் நிறைவேறினாலும் மொத்த உமிழ்வு ஏறும். இதைத் திட்டத்தின் தோல்வி என்றுகூடச் சொல்ல முடியாது. அப்படித்தான் அது வரையப்பட்டிருக்கிறது.

3. "உச்சவரம்பு வளர்ச்சியைக் கொல்லும்" என்பது யாருக்காகச் சொல்லப்படும் வாதம்? உச்சவரம்பு என்றால் நாளைக்கே வெட்டு என்று யாரும் கேட்கவில்லை. முதல் பத்தாண்டு ஏறிக்கொண்டே போய், ஒரு குறிப்பிட்ட ஆண்டில் சமநிலைக்கு வந்து, பிறகு இறங்கும் வரம்பையும் சட்டத்தில் எழுதலாம். 2070இல் நிகர பூஜ்யம் என்று உலக மேடையில் நாமே வாக்குக் கொடுத்திருக்கிறோம். அந்தப் பூஜ்யம் செறிவு பூஜ்யம் இல்லை, மொத்த உமிழ்வின் பூஜ்யம். அதற்குப் போகும் பாதையை ஆண்டுவாரியாக எழுதச் சொன்னால் மட்டும் ஏன் கை நடுங்குகிறது?

தலைக்கு 2 டன் என்ற வாதத்தை ஐ.நா. அரங்கில் இந்தியா சொல்வது முற்றிலும் நியாயம். நான் அதை ஆதரிக்கிறேன். உள்நாட்டில் அதே வாதத்தை ஓர் அலுமினிய ஆலை சொல்வது வேறு. விறகடுப்பில் சமைக்கும் வீடுகளின் குறைந்த உமிழ்வு, அந்த ஆலையின் வரவுக் கணக்கில் எப்படி ஏறியது? ஏழைகள் குறைவாக எரிப்பதால் மிச்சமாகும் இடத்தை யாருக்கு எவ்வளவு விலைக்குக் கொடுப்பது என்பதுதான் உண்மையில் தீர்க்க வேண்டிய கேள்வி. விலை கேட்காமல் கொடுப்பது என்று இப்போது முடிவாகியிருக்கிறது.

சீனாவும் செறிவில்தானே தொடங்கியது என்பார்கள். ஆம், 2021இல் மின்துறையோடு அப்படித்தான் தொடங்கியது. அந்தச் சீனாதான் 2025 ஆகஸ்டில், 2027 முதல் சில துறைகளுக்கு மொத்த வரம்பு கொண்டுவருவதாக அறிவித்தது. தலைக்கு உமிழ்வு நம்மைப்போல் நாலு மடங்கு உள்ள நாடு அது என்று பதில் வரும். இருக்கட்டும். தொடங்கிய நாலு ஆண்டில் அவர்கள் அடுத்த படியைத் தேதி குறித்து அறிவித்தார்கள். நம் அறிவிக்கைகளில் அப்படி ஒரு தேதி இருக்கிறதா?

இந்தியாவில் வரம்பு போட்டு அளந்து கண்காணிக்க முடியாது என்பவர்கள் சூரத்துக்குப் போய்வரலாம். 2019இல் அங்கே குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நிலக்கரி எரிக்கும் சாயப்பட்டறைகள் உள்ளிட்ட ஆலைகளுக்கு இடையே நுண்துகள் வணிகத்தைத் தொடங்கியது. நுண்துகளுக்கு இப்படி ஒரு சந்தை உலகிலேயே அதுதான் முதல். வரம்பு மொத்த எடையில் போடப்பட்டது. புகைபோக்கிகளில் தொடர் அளவீட்டுக் கருவிகள் பொருத்தப்பட்டன. விலைக்குக் கீழே கிலோவுக்கு 5 ரூபாய், மேலே 100 ரூபாய் என்று எல்லை கட்டினார்கள். ஆலைகளிடம் முன்கூட்டியே வைப்புத்தொகை வாங்கி வைத்தார்கள். 300க்கும் மேற்பட்ட ஆலைகளை இரண்டாகப் பிரித்து ஒப்பிட்ட பொருளாதார ஆய்வில், வணிகத்தில் சேர்ந்த ஆலைகளின் நுண்துகள் உமிழ்வு 20 முதல் 30 சதவீதம் குறைந்தது தெரிந்தது. அவற்றில் 99 சதவீதம் தங்கள் உமிழ்வுக்கு ஈடான அனுமதியைக் கையில் வைத்திருந்தன. சேராத ஆலைகளில் மூன்றில் ஒரு பங்கு பழைய விதிகளைக்கூட மீறிக்கொண்டிருந்தது. ஆக, முடியும். வரம்பு, கருவி, விலை எல்லை, வைப்புத்தொகை நான்கும் இருந்தால் இந்தியாவிலேயே முடியும். மத்திய அரசின் திட்டத்தில் அளவீடும் சரிபார்ப்பும் உண்டு. மொத்த வரம்போ வைப்புத்தொகையோ இல்லை.

4. நாம் முதல் முறையாகவா இந்தச் சோதனையைச் செய்கிறோம்? இல்லை. 2012இல் தொடங்கிய 'பாட்' என்ற எரிசக்தித் திறன் வணிகத் திட்டத்தின் மறுபிறவிதான் இது. அதே எரிசக்தித் திறன் செயலகம், அதே ஆலைவாரி இலக்கு, அதே செறிவுக் கணக்கு. முதல் சுற்றில் 478 ஆலைகள். சுற்று முடிந்தபோது இலக்கைத் தாண்டியவர்களுக்குச் சுமார் 38 லட்சம் சான்றிதழ்கள் வழங்கப்பட்டன. இலக்கைத் தவறவிட்டவர்கள் வாங்க வேண்டியிருந்தது 14 லட்சத்துச் சொச்சம். வாங்குகிற ஒருவனுக்கு இரண்டரைப் பேர் விற்கக் காத்திருந்தால் விலை என்ன ஆகும்? 1,200 ரூபாயில் தொடங்கியது சில மாதங்களில் சில நூறு ரூபாய்க்கு வந்துவிட்டது. வாங்காதவர்களுக்கு விதித்த அபராதம் அலகுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் என்பதை இந்த விலையின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

செறிவு இலக்குக்கு ஒரு நல்ல குணம் இருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மந்தம் வந்து உற்பத்தி படுத்தால், உச்சவரம்பு முறையில் உபரி தானாகக் குவியும். செறிவு முறையில் குவியாது. ஐரோப்பா 2008க்குப் பின் பட்ட பாடு இங்கே வராது என்பது கோட்பாட்டில் சரி. ஆனால் 'பாட்' திட்டத்தில் குவிந்த உபரிக்கு மந்தம் காரணமில்லை. ஆலையின் உள்ளே எவ்வளவு மிச்சம் பிடிக்க முடியும் என்பது ஆலைக்குத்தான் தெரியும். இலக்கு எழுதும் அதிகாரி, ஆலை கொடுக்கும் புள்ளிவிவரத்தைப் பார்த்து, அதனோடு பேசி எழுதுகிறார். எந்த ஆலையும் தனக்குக் கடினமான இலக்கைக் கேட்டு வாங்காது.

தாமதத்தையும் சொல்ல வேண்டும். முதல் சுற்று 2015 மார்ச்சில் முடிந்தது. சான்றிதழ் விற்பனை தொடங்கியது 2017 செப்டம்பரில். இரண்டாம் சுற்று 2019 மார்ச்சில் முடிந்தது. விற்பனை 2021 அக்டோபரில். கொதிகலனை மாற்றக் கடன் வாங்கிய ஆலை, வட்டியை மாதாமாதம் கட்டியது; வரவு இரண்டரை ஆண்டு கழித்து, அதுவும் அடிமாட்டு விலைக்கு.

5. அபராதத்தை யாராவது கூர்ந்து படித்தார்களா? புதிய விதிகளில், இலக்கையும் எட்டாமல் சான்றிதழையும் வாங்காமல் விட்ட ஆலை கட்ட வேண்டிய 'சுற்றுச்சூழல் இழப்பீடு' இவ்வளவு ரூபாய் என்று சொல்லப்படவில்லை. அந்தச் சுற்றில் சான்றிதழ் விற்ற சராசரி விலையின் இரு மடங்கு என்று எழுதியிருக்கிறது. முதல் பார்வைக்குக் கடுமையாகத்தான் தெரியும். விலை 2,000 ரூபாய் என்றால் இழப்பீடு 4,000. சரி. 'பாட்' போலவே உபரி குவிந்து விலை 200 ரூபாய்க்கு விழுந்தால்? இழப்பீடு 400 ரூபாய்.

அதாவது சந்தை செத்தால் தண்டனையும் கூடவே சாகும். அபராதம் எதற்காக? விலைக்கு மேலே ஓர் உறுதியான கூரை இருந்தால்தான், குறைப்பதில் பணம் போடலாமா என்று ஆலை முதலாளி கணக்குப் போட முடியும். ஐரோப்பாவில் டன்னுக்கு 100 யூரோ, அதுவும் விலைவாசியோடு ஏறும்; கட்டிவிட்டாலும் பாக்கி அனுமதியை ஒப்படைத்தே தீர வேண்டும். 2013இல் அங்கே அனுமதி 3 யூரோவுக்கு விற்றபோதும் அபராதம் அசையவில்லை. நாம் ஏன் அபராதத்தை விலையின் வாலில் கட்டினோம்? பழைய திட்டத்திலாவது அது தனி எண்ணாக இருந்தது.

அடிவிலை வைத்தால் சரியாகிவிடும் என்பாரும் உண்டு. அடிவிலை வேண்டும்தான், ஆனால் அது மட்டும் போதாது. புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ்களின் அனுபவம் நம் முன் இருக்கிறது. அங்கே அடிவிலை இருந்தது, சட்டக் கடமையும் இருந்தது. மின் விநியோக நிறுவனங்கள் வாங்கவில்லை. பல மாநில ஒழுங்குமுறை ஆணையங்கள் கடமையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தன, சில தள்ளுபடியே செய்தன. ஆண்டுக்கணக்கில் விலை அடிவிலையிலேயே ஒட்டிக்கிடக்க, விற்காத சான்றிதழ்கள் கோடியைத் தாண்டிக் குவிந்தன. வாங்காவிட்டால் என்ன நடக்கும் என்ற பயம் இல்லாத இடத்தில் எந்த விலையும் விலையில்லை.

6. சுத்தமான ஆலை அழுக்கான ஆலைக்குப் பணம் கொடுப்பது என்ன நியாயம்? இலக்கு துறை முழுவதற்கும் ஒரே அளவாக இல்லை. ஒவ்வோர் ஆலைக்கும் அதன் பழைய செறிவிலிருந்து கணக்கிட்டுத் தனித்தனியாக. டன்னுக்கு 700 கிலோ விடும் பழைய ஆலை 670 இலக்கைத் தாண்டி 660க்கு வந்தால் சான்றிதழ் பெறும். ஏற்கெனவே செலவு செய்து 560க்கு வந்துவிட்ட ஆலைக்கு 550 எட்டவில்லை என்றால் அது வாங்க வேண்டும். யாரிடம்? அந்த 660இடம். பழைய ஆலைக்குச் சற்றுக் கூடுதல் வெட்டு விதித்தாலும் இந்தத் தலைகீழ் மாறாது. முன்பே திருந்தியவனுக்குத் தண்டம், இத்தனை காலம் சும்மா இருந்தவனுக்குப் பரிசு. துறை முழுவதற்கும் ஒரே அளவுகோல் வைப்பது ஒன்றும் அதிசயமில்லை. ஐரோப்பா தன் இலவச ஒதுக்கீட்டை அப்படித்தான் செய்கிறது.

7. நிலக்கரி மின்சாரத்தை வெளியே விட்டுவிட்டு எதை வணிகம் செய்கிறோம்? நாட்டின் உமிழ்வில் ஐந்தில் இரண்டு பங்கு மின்துறையுடையது. இலக்கு விதிப்பதற்கென்று அரசு முதலில் பட்டியலிட்ட ஒன்பது துறைகளில் அது இல்லை. 'பாட்' திட்டத்தில் அனல்மின் நிலையங்கள் இருந்தன என்பதை நினைத்தால், இது முன்னே வைத்த அடி இல்லை.

மின்கட்டணம் ஏறும் என்பதுதான் காரணம் என்றால், நம்மிடம் ஏற்கெனவே ஒரு கார்பன் வரி இருந்ததை என்ன செய்தோம் என்று கேட்கத் தோன்றுகிறது. 2010இல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் செஸ் வந்தது; 2016இல் 400 ரூபாயாயிற்று. ஒரு டன் நிலக்கரி எரிந்தால் சுமார் ஒன்றரை டன் கார்பன் டை ஆக்சைடு வருகிறது என்று கொண்டால், டன் உமிழ்வுக்கு ஏறக்குறைய 270 ரூபாய். இதைச் சந்தையும் நிர்ணயிக்கவில்லை, தரகரும் நிர்ணயிக்கவில்லை. மின்நிலையம், சிமெண்ட் ஆலை என்று பாராமல் எல்லோரும் கட்டினார்கள். 2017 வரை வசூலான 86,000 கோடிக்கு மேற்பட்ட தொகையில் தூய எரிசக்தி நிதிக்குப் போய்ச்சேர்ந்தது சுமார் 30,000 கோடிதான். அதிலும் பாதிதான் திட்டங்களுக்குச் செலவானது. 2017இல் அந்தச் செஸ் ஜிஎஸ்டி இழப்பீட்டுச் செஸ்ஸாக உருமாறி மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டப் போனது. 2025 செப்டம்பரில் அதுவும் நீக்கப்பட்டது. பதிலுக்கு நிலக்கரி மீதான ஜிஎஸ்டி 5இலிருந்து 18 சதவீதமானது. கூட்டிக் கழித்துப் பாருங்கள்: டன் 1,500 ரூபாய்க்கு விற்கும் மட்டமான நிலக்கரிக்கு 400 ரூபாய் போய், 195 ரூபாய் வந்தது. கார்பன் சந்தையின் வருகையைக் கொண்டாடிய அதே இலையுதிர் காலத்தில், மட்டமான நிலக்கரியின் வரி பெருமளவு குறைந்தது. கொண்டாடியவர்களில் எத்தனை பேர் இதை எழுதினார்கள்?

வருவாய்ப் பக்கத்தையும் விட முடியாது. ஐரோப்பா 2023இல் அனுமதிகளை ஏலம் விட்டு 4,300 கோடி யூரோவுக்கு மேல் ஈட்டியது. அந்தப் பணத்தில் ஆலைகளை மாற்றலாம், வேலை இழக்கும் சுரங்கத் தொழிலாளிக்கு வழி செய்யலாம், மின்கட்டணம் ஏறும் ஏழை வீட்டுக்கு ஈடு கொடுக்கலாம். நம் திட்டத்தில் பணம் ஓர் ஆலையிலிருந்து இன்னோர் ஆலைக்குப் போகும். கருவூலத்துக்கு ஒரு ரூபாய் இல்லை.

8. ஐரோப்பாவின் எல்லைக் கட்டணத்துக்கு இது பதிலாகுமா? ஆகாது. இந்த வாதம்தான் ஏற்றுமதியாளர்களிடம் அதிகம் எடுபடுகிறது. இரும்பு போல்ட், நட் வரை அந்தக் கட்டணத்துக்குள் வருவதால் அவர்கள் பதற்றம் புரிகிறது. அதனாலேயே அவர்களிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். பொருள் உற்பத்தியான நாட்டில் உண்மையாகச் செலுத்தப்பட்ட கார்பன் விலையை மட்டுமே ஐரோப்பிய விதி கழித்துக்கொள்ளும். நம் திட்டத்தில் இலக்கை எட்டிய ஆலை செலுத்தியது என்ன? ஒன்றுமில்லை. எட்டாத ஆலை செலுத்துவது மொத்த உமிழ்வுக்கு இல்லை. இலக்குக்கும் நிஜத்துக்கும் உள்ள இடைவெளிக்கு மட்டும்.

உருக்குக்கும் இதே முறை வரும்போது கணக்கு இப்படி இருக்கும். இந்திய உருக்கில் டன்னுக்குச் சராசரி உமிழ்வு இரண்டரை டன். 2034இல் ஐரோப்பா தன் ஆலைகளுக்கான இலவச ஒதுக்கீட்டை முழுதாக நிறுத்திய பின், அனுமதி விலை 75 யூரோ என்று வைத்தால், ஒரு டன் உருக்குக்கு 187 யூரோ கேட்கும். இங்கே அந்த ஆலை இலக்கில் 50 கிலோ தவறி, டன் 800 ரூபாய்க்குச் சான்றிதழ் வாங்கியிருந்தால் செலுத்தியது 40 ரூபாய். அந்த 40 ரூபாய் ரசீதை அங்கே நீட்டலாம். எல்லைக் கட்டணம் நியாயமா என்பது தனி வழக்கு. வளரும் நாடுகள் மேல் பாரத்தை ஏற்றும் அந்த ஏற்பாட்டை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் பணம் இந்தியாவிலேயே தங்க வேண்டும் என்றால், இங்கே மெய்யான விலை ஒன்று இருந்தாக வேண்டும். வேண்டாம் என்று தள்ளிய வரியும் ஏலமும்தான் அதற்கு வழி.

9. ஆலைகளுக்கு வெளியே பிறக்கும் கிரெடிட்டுகளை என்ன செய்வது? 2023 டிசம்பர் திருத்தம், கட்டாய இலக்கு இல்லாதவர்களும் திட்டம் தீட்டிச் சான்றிதழ் பெறக் கதவைத் திறந்துவிட்டது. மரம் நடுவோருக்கும் சாணஎரிவாயுக் கலன் அமைப்போருக்கும் வருமானம் என்று இனிக்க இனிக்கப் பேசப்படுகிறது. இந்தப் படத்தைத் தமிழ்நாடு முன்பே பார்த்தது. கியோட்டோ ஒப்பந்தத்தின் தூய வளர்ச்சிச் செயல்முறையில் முப்பந்தல், பல்லடம், உடுமலைப் பக்கக் காற்றாலைகள் பல கிரெடிட் பெற்றன. கிரெடிட் கிடைக்கும் என்பதால்தான் அவை எழுந்தனவா? காற்றாலை நட்ட மில் முதலாளியைக் கேட்டால் மின்வெட்டைச் சொல்வார், உயர் அழுத்த மின்கட்டணத்தைச் சொல்வார், முதல் ஆண்டிலேயே பெரும்பகுதியைக் கழித்துக்கொள்ளலாம் என்றிருந்த வருமான வரித் தேய்மானச் சலுகையைச் சொல்வார். கிரெடிட் என்பது ஆலோசகர் வந்து சொன்ன பிறகு கிடைத்த கொசுறு. இந்தியக் காற்றாலைகளை ஆராய்ந்து 2021இல் நான்கு பொருளாதார அறிஞர்கள் வெளியிட்ட முடிவும் இதுவே: வழங்கிய கிரெடிட்டுகளில் குறைந்தது 52 சதவீதம், எப்படியும் கட்டியிருக்கக்கூடிய காற்றாலைகளுக்குப் போனது. அந்தக் கிரெடிட்டை வாங்கிய ஐரோப்பிய ஆலை தன் புகையைக் குறைக்காமல் விட்டது. இங்கும் புதிதாக எதுவும் குறையவில்லை. உள்ளூர்ச் சந்தையில் அதே கிரெடிட்டுகளை ஆலைகள் தங்கள் கடமைக்கு ஈடாகக் காட்ட அனுமதித்தால், ஏற்கெனவே தளர்ந்த இலக்கும் மிச்சமிருக்காது.

10. பிறகு இறுக்கிக்கொள்ளலாம் என்ற ஆறுதல் எவ்வளவு செல்லும்? இந்த ஒன்றில்தான் நியாயமான ஆட்கள் பலர் சாய்ந்துவிடுகிறார்கள். முதலில் எல்லோரையும் உள்ளே கொண்டுவருவோம், அளக்கப் பழக்குவோம், பிறகு கடிவாளத்தை இழுப்போம் என்கிறார்கள். அளக்கப் பழகுவது நல்லதே. ஆனால் விற்காத சான்றிதழை அடுத்த ஆண்டுகளுக்குச் சேர்த்து வைத்துக்கொள்ள இத்திட்டம் இடம் கொடுக்கிறது. தளர்வான ஆண்டுகளில் எளிதாகச் சம்பாதித்த சான்றிதழ்கள் பதிவேட்டில் காத்திருக்கும். 2028இலோ 2030இலோ ஓர் அமைச்சர் துணிந்து இலக்கை இறுக்கும் நாளில் அவை வெளியே வந்து, அந்த இறுக்கத்தைத் தின்னும். ஐரோப்பாவில் முதல் கட்டத்து அனுமதிகளை இரண்டாம் கட்டத்துக்குக் கொண்டுபோக விடவில்லை. அதனால் அந்த உபரி 2007ஓடு செத்தது. இரண்டாம் கட்டத்து உபரியைக் கொண்டுபோக விட்டார்கள். அதைக் கரைக்கப் பத்தாண்டு போனது, கடைசியில் கோடிக்கணக்கான அனுமதிகளை ரத்து செய்யும் விதியையே எழுத வேண்டி வந்தது.

இங்கே அந்த ரத்தை யார் செய்வார்கள்? சான்றிதழ் ஆலையின் கணக்கேட்டில் சொத்தாக ஏறியிருக்கும். அதைக் காட்டி வங்கியில் கடன்கூட வாங்கியிருப்பார்கள். செல்லாது என்று அறிவிக்கும் மறுநாள் காலை 282 ஆலைகளின் வழக்கறிஞர்களும் உயர் நீதிமன்றங்களில் நிற்பார்கள். இன்றைக்கு அறிவிக்கையில் ஒரு வரி சேர்த்தால் போதும்: 2026-27 வரை ஈட்டும் சான்றிதழ்கள் அந்தச் சுற்றோடு காலாவதியாகும். இப்போது எதிர்க்கப் பெரிதாக யாரும் இருக்க மாட்டார்கள், ஏனென்றால் இழப்பதற்கு இன்னும் யாரிடமும் எதுவும் இல்லை.